பேய்க்கு ஒரு கால அட்டவணை

இனிமேல் பேய்க்குப் பயப்படுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன். பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுதான். என் வீட்டில் நான் உரக்கச் சொன்ன முடிவு எதுவும் நிறைவேறியதாகச் சரித்திரம் இல்லை.

உங்களிடம் மறைப்பானேன், விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ‘மாடிப்படிப் பேய்’ என்று ஒரு படம் வந்தது. சிரிப்புப் படம்தான், குழந்தைகள்கூடப் பார்க்கலாம் என்று சொல்லி மனைவி என்னை அழைத்துப்போனாள். குழந்தைகள் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். போனால் போகிறதென்று ஒரே ஒரு தடவை திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பீரோவும் தானாகத் திறந்தது. தியேட்டர் அதிர “ஐயோ அம்மா!” என்று கத்தி, மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். விளக்கு போட்ட பிறகுதான் தெரிந்தது, அது அந்தப் பக்கத்து இருக்கையில் இருந்த மீசைக்காரரின் கை. அந்த மனிதர் இன்றைக்கும் தெருவில் என்னைப் பார்த்தால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நலம் விசாரிக்கிறார்.

அன்றிலிருந்து என் வீட்டில் ஒரே ஒரு சொல்லை வைத்து ஆட்சி நடக்கிறது.

என் மனைவி தையல் டீச்சர். ஹாலில் ஆறு மெஷின், ஆறு மாணவிகள், தலையில்லாத துணிப்பொம்மை ஒன்று. இவற்றுக்கு நடுவே நான் பேப்பர் படிக்க வேண்டும். ஒரு தடவை ஒரு மாணவி பேச்சு மும்முரத்தில் பொம்மைக்குப் பதிலாக எனக்குத் தோள் அளவு எடுத்து, குறித்தும் வைத்துக்கொண்டாள். இந்த நெருக்கடியில் மனைவியின் கண் என் பின்னறை மேல் விழுந்து இரண்டு வருஷமாகிறது.

“அந்த ரூமைக் குடுங்களேன். மெஷினை எல்லாம் அங்க போட்டுக்கறேன். ஹால் பூரா உங்களுக்கு.”

“அது என் ஆராய்ச்சி அறை.”

“என்ன ஆராய்ச்சி? இருபத்திரண்டு வருஷத்துப் பழைய பஸ் டைம்டேபிள். அந்த பஸ்ஸெல்லாம் உடைச்சு இரும்புக் கடைக்குப் போயாச்சு.”

“பஸ் போகலாம். அது வந்த நேரம் போகாது. அது சரித்திரம்!”

“கரையானுக்குச் சரித்திரம் ரொம்பப் பிடிக்கும்.”

“இதோ பார், இந்த வீட்டுல கடைசி வார்த்தை என்னோடது. அறை தர முடியாதுன்னா முடியாது!”

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: “பீரோ.”

ஆறு மெஷினும் நின்று, ஆறு பேரும் சிரித்தார்கள். நான் குரலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த அறையில்தான் நான் நானாக இருக்கிறேன். போக்குவரத்து அலுவலகத்தில் பஸ்களுக்குக் கால அட்டவணை போடுவது என் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும், எத்தனை நிமிஷம் நிற்கும், எப்போது புறப்படும் என்பது ஊரில் என்னைத் தவிர யாருக்கும் முழுசாகத் தெரியாது. வண்டிகளுக்கும் தெரியாது. அந்த அறையும் போய்விட்டால் நான் அந்தத் துணிப்பொம்மைக்குத் தம்பி. இதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் ‘மாடிப்படிப் பேய் – பாகம் இரண்டு’ வந்தது. பல் துலக்கும்போது திட்டமும் வந்தது.

திட்டம் இதுதான். படத்தை முன்கூட்டியே தனியாகப் போய்ப் பார்ப்பது. ஒவ்வொரு பயமும் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு வருகிறது என்று குறித்துக்கொள்வது. அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு மனைவியை அழைத்துப்போவது. பீரோ திறக்கட்டும், கிணறு பேசட்டும், நான் கொட்டாவி விடுவேன். அவள் பயந்து என் கையைப் பிடிப்பாள். அப்புறம் அந்த ஒற்றைச் சொல் செத்துப்போகும். அறையும் பிழைக்கும். வரும் நேரம் தெரிந்த வண்டிக்கு யாராவது பயப்படுவார்களா?

அலுவலகத்தில் வயிற்றுவலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு போட்டேன். இரண்டரை மணிக் காட்சி. தியேட்டரில் மொத்தம் பதினொரு பேர். மடியில் நோட்டு, கையில் பென்சில், மணிக்கட்டில் ஒளிரும் முள் வைத்த கடிகாரம். வயிற்றுவலி என்று பொய் சொன்னேன் அல்லவா, விளக்கை அணைத்ததும் அது உண்மையாகிவிட்டது.

‘2.51 – பீரோ. வருகை. பயங்கரம்.’

‘3.10 – கிணறு. நில்லாமல் செல்லும். கண்ணை மூடிவிட்டதால் புறப்பாடு தெரியவில்லை.’

‘3.24 – கை. யாருடையது என்று தெரியவில்லை.’

படம் என்று எடுத்துக்கொண்டால், சும்மா சொல்லக் கூடாது, தரித்திரம். முதல் பாகத்தில் மாடிப்படியில் இறங்கி வந்த பேய், இரண்டாம் பாகத்தில் மாடியே இல்லாத வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. மாடி வைத்த வீடு கிடைக்கவில்லை போலிருக்கிறது. டாக்டர், போலீஸ்காரர், மந்திரவாதி மூன்று பேரும் ஒரே ஆள்தான். மீசை மட்டும் மாறுகிறது. ஒரு காட்சியில் மாற்ற மறந்து, போலீஸ்காரர் டாக்டர் மீசையோடு வந்து கைது செய்கிறார். பேய் வரும்போது சூழ்கிற புகை கொசுவர்த்திப் புகை. பேயே இரண்டு தடவை இருமியது.

அந்த இருமலில்தான் எனக்குள் ஏதோ இளகியது என்று நினைக்கிறேன்.

அது ஒரு பெண் பேய்; அவளைப் பார்த்து யாருமே பயப்படுவதில்லை. அதுதான் கதை. வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை அவள் முடியைப் பின்னிவிடுகிறது. அவமானம் தாங்காமல் அவள் ஒரு கண்ணாடி முன்னால் நின்று பயமுறுத்தப் பழகுகிறாள். நாக்கை நீட்டுகிறாள், விழியை உருட்டுகிறாள். ஆனால் பேய் ஆயிற்றே, கண்ணாடியில் உருவம் தெரியாது. “எப்படி இருக்கேன்? இப்ப பயமா இருக்கா?” என்று வெறும் கண்ணாடியைக் கேட்கிறாள். பதில் சொல்ல ஆளில்லை. அவள் பயமுறுத்த ஒத்திகை பார்க்கிறாள், நான் பயப்படாமலிருக்க ஒத்திகை பார்க்கிறேன். இரண்டு பேரையும் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோட்டில் ‘4.02 – கண்ணாடி’ என்று எழுதி, பக்கத்தில் ‘பாவம்’ என்று எழுதினேன்.

அந்த நேரத்தில்தான் மந்திரவாதி பின்னாலிருந்து ஒரு பாட்டிலோடு பதுங்கிப் பதுங்கி வருகிறான். அவளைப் பிடித்து அடைத்து மூடிபோட வருகிறான். அவளோ கண்ணாடியில் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் ஆகாது, பாட்டிலுக்கு மூடி பொருந்தாது, அவள் தப்பித்துவிடுவாள். ஆனால் முதல் தடவை பார்க்கிறவனுக்கு அது தெரியுமா? நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அட்டவணை அன்றைக்கே முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் திட்டப்படி மறுபடி போக வேண்டிய அவசியமில்லை. செவ்வாய்க்கிழமையும் போனேன். சரிபார்க்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“என்னங்க, ரெண்டு கைக்குட்டை எடுத்துட்டுப் போறீங்க?” என்றாள் மனைவி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒண்ணு... ஒண்ணு வியர்வைக்கு.”

“இன்னொண்ணு?”

“அதுவும் வியர்வைக்குத்தான். வேலை ஜாஸ்தி.”

“ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?”

“இல்லையே! ஏன்? யாரு சொன்னா? எனக்கு என்ன பிரச்சனை?”

மூன்று கேள்வி கேட்டுப் பதில் சொல்கிறவன் யோக்கியனாக இருக்க முடியாது என்று எனக்கே தெரிந்தது. அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். வழக்கமாக நிற்க மாட்டாள்.

புதன்கிழமையும் போனேன். மூன்றாவது தடவை. மூடி பொருந்தாது என்று எனக்குத் தெரியும். அவள் தப்பிவிடுவாள் என்று தெரியும். இருந்தும் மணி நாலு இரண்டுக்கு, மந்திரவாதி பாட்டிலைத் தூக்கியபோது, என்னை அறியாமல் எழுந்து நின்று, “பின்னாடி பாரும்மா!” என்று கத்திவிட்டேன்.

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் இல்லை, பல பேர். நான் இருக்கைக்குள் அப்படியே அமிழ்ந்துபோனேன். சட்டைக் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு, படம் முடிவதற்குள் இருட்டிலேயே வெளியே ஓடிவந்தேன். நல்லவேளை, தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஆறு மாணவிகளும் இன்னும் கிளம்பாமல் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாகக் குனிந்து தைத்தார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் இருப்பதும் நல்லதுதான், சாட்சிக்கு ஆகும் என்று தொண்டையைச் செருமினேன்.

“ஞாயித்துக்கிழமை படத்துக்குப் போலாமா? மாடிப்படிப் பேய், ரெண்டாம் பாகம்.”

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “பேய்ப் படமா? நீங்களா? பீ...”

“அந்த வார்த்தையைச் சொல்லாதே! பந்தயம். நான் பயந்துட்டேன்னா பின்னறை உனக்கு. பயப்படலைன்னா, அறையைப் பத்தியும் பேசக் கூடாது, அந்த வார்த்தையையும் பேசக் கூடாது. ஆயுசுக்கும்.”

அவள் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“பயந்தீங்களா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உள்ளுக்குள்ள நடுங்கிட்டு வெளியில இல்லைம்பீங்க. அதெல்லாம் வேண்டாம். வாயைத் திறக்கக் கூடாது. படம் ஆரம்பிச்சதுலேர்ந்து முடியற வரைக்கும் உங்க வாயிலேர்ந்து ஒரு சத்தம் வரக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்!”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். ஆறு மாணவிகளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் நாலு பேர் ஏன் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போட்டார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒருத்தி, “சார், நல்லா யோசிச்சுக்கங்க சார்” என்றுகூடச் சொன்னாள். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பெண் உடனே பட்டன் தைக்கப் போய்விட்டாள்.

படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பீரோவுக்கு நான் பயப்படப் போவதில்லை. கிணறும் கையும் பழகிவிட்டன. ஆனால் நாலு இரண்டு? அங்கே வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா என்னால்? பயத்துக்கு அட்டவணை போட்டவன் பாசத்துக்குப் போடாமல் விட்டுவிட்டேனே!

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லிடுக்கில் கவ்வி, கண்ணை மூடி, அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பழகினேன். முதல் நாள் ‘பின்’ என்று வந்துவிட்டது. இரண்டாம் நாள் ‘ம்’ மட்டும் வந்தது. மூன்றாம் நாள் சத்தமே இல்லை. கண்ணீர் மட்டும் வந்தது. ஒப்பந்தத்தில் கண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை.

“என்னங்க உள்ள? பல்வலியா?” என்று கதவைத் தட்டினாள்.

“ம்ம்.”

“வயித்துல ஒண்ணும் இல்லையே?”

“ம்ஹூம்.”

ஏன் திடீரென்று வயிற்றைக் கேட்கிறாள்?

ஞாயிற்றுக்கிழமை. சாட்சிகள் ஆறு பேரும் பின்வரிசையில். நானும் மனைவியும் முன்னால். எனக்கு அந்தப் பக்கம் வேறு யாரும் வந்து உட்காரக் கூடாதென்று அந்த இருக்கையில் பையை வைத்துவிட்டேன். விளம்பரங்கள் போட்டதில் படம் ஒன்பது நிமிஷம் தாமதம். இதற்கெல்லாம் அசருகிறவனா நான்? எல்லா நேரத்திலும் ஒன்பதைக் கூட்டிக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் பீரோ திறந்தது. மனைவி “ஐயோ!” என்று என் தோளில் சாய்ந்தாள். நான் புன்னகை மட்டும் செய்தேன். மூன்று பத்தொன்பது, கிணறு. அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தட்டிக்கொடுத்தேன். மூன்று முப்பத்து மூன்று, கை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் அவ்வளவு உயரமாக உட்கார்ந்ததே இல்லை. போதாக்குறைக்குப் பின்வரிசையில் ஒருத்தி, “சார் எவ்ளோ தைரியம்!” என்றாள்.

நாலு பதினொன்று.

கைக்குட்டையை எடுத்துக் கவ்விக்கொண்டேன். கண்ணாடி வந்தது. அவள் நாக்கை நீட்டினாள். விழியை உருட்டினாள். “எப்படி இருக்கேன்? இப்ப பயமா இருக்கா?” மந்திரவாதி வந்தான். பாட்டில் வந்தது. அறை, அறை, அறை என்று மனசுக்குள் ஜபித்தேன். பாட்டில் உயர்ந்தது. பல்லை இறுக்கினேன். ஒரு சத்தம் வரவில்லை. ஒரு முனகல் வரவில்லை. ஜெயித்துவிட்டேன்! இன்னும் மூன்றே விநாடி!

மனைவி என் காதருகே குனிந்தாள். ரொம்ப மெதுவாக, அக்கறையாகக் கேட்டாள்:

“ஏங்க, இன்னிக்கு ‘பின்னாடி பாரும்மா’ சொல்லலையா?”

கைக்குட்டை மடியில் விழுந்தது.

“அது உனக்கெப்படித் தெரியும்?”

நான் கேட்டது தியேட்டர் முழுக்கக் கேட்டது. திரையில் மூடி பொருந்தாமல் பேய் தப்பித்தது. ஆறு சாட்சிகளும் கைதட்டினார்கள். யாருக்காகத் தட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இடைப்பட்ட கதை வெளியே வந்த பிறகு தெரிந்தது. பேய்முழி முழித்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றவனிடம் அவள் நிதானமாகச் சொன்னாள்.

“செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்க பக்கத்து மேஜைக்காரர் போன் பண்ணினார். ‘அண்ணி, சாருக்கு வயித்துவலி தேவலையா’ன்னு. ரெண்டு நாளா அரை நாள் லீவாம். நீங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலை. எனக்குத் தெரியாம எந்த டாக்டர்கிட்ட போறீங்களோ, என்ன வியாதியோன்னு எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. புதன்கிழமை உங்க பின்னாலேயே வந்தேன். தனியா வரத் தைரியம் இல்லாம இவங்க ஆறு பேரையும் கூட்டிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல அழணுமேன்னு ஆளுக்கொரு கைக்குட்டை வேற.”

“அப்புறம்?”

“நீங்க பாப்கார்ன் வாங்கினீங்க.”

எனக்குத் தலை நிமிரவில்லை. என் வயிற்றுக்காக ஒருத்தி தூங்காமல் கிடந்திருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது.

“அப்பவே கூப்பிட்டிருக்கலாமே!”

“கூப்பிடத்தான் நினைச்சேன். அதுக்குள்ள நீங்க எழுந்து நின்னு கத்தினீங்களா, எனக்கும் அழுகை வந்துடுச்சு. படம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு இருமினப்பவே எனக்குப் பிடிச்சுப்போச்சு.”

“எனக்கும் அங்கதான்! அப்போ இன்னிக்கு நீ ‘ஐயோ’ன்னு கத்தினது, என் கையைப் பிடிச்சது எல்லாம்?”

“ரெண்டாவது தடவை பார்க்கறப்ப யாராவது பயப்படுவாங்களா?”

திங்கட்கிழமை நான் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் ஆறு மெஷினும் பின்னறைக்குள் போய்விட்டன. என் இருபத்திரண்டு வருஷச் சரித்திரம் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் இருந்தது. ஹால் பூரா எனக்குத்தான். துணிப்பொம்மையை மட்டும் அறையில் இடமில்லை என்று என் நாற்காலிக்குப் பக்கத்தில் விட்டிருந்தார்கள்.

பின்னறைக் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. என்ன இருந்தாலும் தொழில்காரன், கிட்டே போய்ப் படித்தேன். கட்டம் போட்டு, நேரம் பிரித்து, குறை சொல்ல முடியாதபடி போட்டிருந்தாள்: காலை பத்து முதல் ஒன்று வரை முதல் வகுப்பு, இரண்டு முதல் ஐந்து வரை இரண்டாம் வகுப்பு. அந்த அறையில் எனக்கும் தினமும் நேரம் ஒதுக்கியிருந்தாள்: ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் வரை, பெருக்குவதற்கு.